வராதவர்களின் பட்டியல்

1

கிராமத்து மருத்துவர் என்றவுடன் நமக்குள் ஒரு படம் எழுகிறது. அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம். 1948 செப்டம்பர் 20 தேதியிட்ட 'லைஃப்' இதழில் யூஜீன் ஸ்மித்தின் புகைப்படக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் கிரெம்லிங் என்றொரு சிற்றூர். எர்னஸ்ட் செரியானி என்ற இளம் மருத்துவர் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே ஒற்றை ஆள். ஸ்மித் அவர் பின்னாலேயே 23 நாட்கள் அலைந்தார். அந்த வரிசையில் எல்லோர் மனத்திலும் தங்கிப்போனது ஒரு படம்தான். பிரசவத்தில் தாயும் பிள்ளையும் இறந்துபோன ராத்திரி, அறுவைக்கூடத்து உடையைக்கூடக் கழற்றாமல் சமையல்கட்டில் சாய்ந்து நிற்கிறார் மருத்துவர். கையில் காப்பிக் கோப்பையும் சிகரெட்டும். கண்கள் எதையும் பார்க்கவில்லை.

பத்தொன்பது வருஷம் கழித்து, 1967இல், ஜான் பெர்ஜர் எழுத, ழான் மோர் படம் பிடிக்க, 'எ ஃபார்ச்சுனேட் மேன்' என்ற புத்தகம் வந்தது. இங்கிலாந்தின் மேற்கோரத்தில், டீன் காட்டை ஒட்டிய கிராமத்து மருத்துவர் ஒருவரோடு இருவரும் ஆறு வாரம் இருந்து பார்த்து எழுதியது. புத்தகத்தில் அவர் பெயர் சாசல். ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் போகிறவர். ஒவ்வொரு நோயாளியின் வலியிலும் தன்னைக் கரைத்துக்கொள்ளப் பார்க்கிறவர். அதனாலேயே நீண்ட மனச்சோர்வுகளில் விழுகிறவர். அந்த மக்களுக்குச் சொல்லத் தெரியாததையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்கிறவர் என்ற பொருளில், பெர்ஜர் அவரை அவர்களுடைய பதிவேட்டு எழுத்தர் என்கிறார். பதிவேடு என்பது இங்கே ஓர் உருவகம். சாசலாக எழுதப்பட்ட ஜான் எஸ்கெல் 1982இல் தற்கொலை செய்துகொண்டார். 1999இல் பெர்ஜர் ஒரு பின்னுரை சேர்த்தார். அந்தச் சாவிலிருந்து திரும்பிப் பார்க்கிறபோது அவர்மேல் தனக்குப் பரிவு கூடியிருப்பதாக அதில் எழுதினார்.

எம்.ஏ. படித்த நாளில் நண்பர் ஒருவர் கொடுத்த ஒளிநகலாகத்தான் இந்தப் புத்தகம் எனக்குக் கிடைத்தது. ஒரே ராத்திரியில் படித்தேன். இலக்கிய மாணவனுக்கு வேறென்ன வேண்டும்? தனிமனிதத் துயரம், காடு, மௌனமான மக்கள், அவர்களுக்காகச் சிதைகிற ஓர் ஆன்மா. ரொம்ப நாள் வரைக்கும் அதை ஒரு வேதம் மாதிரிதான் வைத்திருந்தேன். இப்போது எனக்கு அந்தப் படங்களோடு ஒரு தகராறு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தகராறு என் வீட்டிலிருந்து தொடங்குகிறது. மதுரைக்கு மேற்கே எங்கள் ஊர். அப்பா கொத்தனார். 2008இல், அவருக்கு ஐம்பத்தோரு வயது, ஒருநாள் காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சரிந்தார். ஒரு பக்கம் விழுந்துபோச்சு. அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் 'தலை கிறுகிறுன்னு வருது' என்று பக்கத்து டவுனில் ஒரு மருத்துவரிடம் நாலைந்து தடவை போயிருக்கிறார். போன தடவையெல்லாம் ஒரு ஊசி, நாலு மாத்திரை. ஒரு தடவைகூட அவர் கையில் பட்டையைக் கட்டி பி.பி. பார்க்கவில்லை. அந்த மருத்துவர் கெட்டவரும் இல்லை. காசு இல்லையென்றால் அப்புறம் கொடு என்பார். நள்ளிரவிலும் கதவைத் திறப்பார். பெர்ஜர் எங்கள் பக்கம் வந்திருந்தால் அவரைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதியிருப்பார். அப்பா மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தார்.

வந்தவனைப் பார்க்கிறவர் மருத்துவர். சரி. வராதவனை யார் பார்ப்பது? வந்தவனிடமே அவன் சொல்லாத நோயை யார் தேடுவது? ஸ்மித்தின் படத்திலோ மோரின் படங்களிலோ இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. வராதவர்களைப் புகைப்படம் எடுக்க முடியாது.

2

டீன் காட்டிலிருந்து மேற்கே, வேல்ஸ் எல்லையைத் தாண்டி, நூறு கிலோமீட்டருக்குள் இன்னொரு ஊர் இருக்கிறது. கிளின்கோருக். போர்ட் டால்பட் இரும்பாலைக்கு மேலே, ஆவன் பள்ளத்தாக்கின் கோடியில், மலைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட நிலக்கரி ஊர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஜனம். சாலை அங்கேயே முடிந்துவிடுகிற மாதிரி. வழிதவறி வந்தால்தான் ஒருவர் அங்கே வர முடியும். 1961இல் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் வேண்டுமென்றே அங்கே வந்தார். 1987 வரை இருந்தார்.

பிறந்தது 1927இல், லண்டனில். கேம்பிரிட்ஜ் படிப்பு. அப்பா அலெக்சாண்டரும் மருத்துவர், கம்யூனிஸ்ட். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசுப் பக்கம் அறுவை சிகிச்சை செய்யப் போனவர். 1930களில் தென் வேல்ஸின் ரோந்தாப் பள்ளத்தாக்கில் வைத்தியம் பார்த்தவர். அலெக்சாண்டரின் இரண்டாம் மனைவி ஈடித் டியூடர் ஹார்ட், வியன்னாவிலிருந்து வந்த புகைப்படக் கலைஞர். வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்களை அவர் எடுத்த படங்கள் பிரிட்டனின் ஆவணப் புகைப்பட வரலாற்றில் இடம்பெற்றவை. ஆக, படம் எடுப்பது, வைத்தியம் பார்ப்பது, கட்சி வேலை செய்வது மூன்றும் ஒரே வீட்டில் புழங்கிய குடும்பம். மகனும் கட்சிக்காரர். ஒரு முறைக்கு மேல் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளராக அந்தத் தொகுதியில் நின்று தோற்றார். ஓட்டுப் போடாதவர்களும் மறுநாள் காலை அவரிடம்தான் மருந்துக்கு வந்தார்கள்.

கிளின்கோருக்குக்கு வருமுன் அவர் வேலை பார்த்த இடம் முக்கியம். ஆர்ச்சி காக்ரன் தென் வேல்ஸில் நடத்திய நோய்ப்பரவலியல் ஆய்வுக் குழு. காக்ரனும் ஸ்பெயினுக்கு மருத்துவ உதவிக்குப் போய் வந்தவர்தான். 1950களில் அவருடைய குழு ரோந்தாவின் சுரங்க ஊர்களில் தொழிலாளர்களின் நுரையீரலில் நிலக்கரித் தூசி படிவதைப் பற்றி ஆராய்ந்தது. அதில் காக்ரனுக்கு ஒரு பிடிவாதம். ஊரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பரிசோதனைக்கு வந்தாக வேண்டும். வராதவன் வீட்டுக்குப் போ, பேசு, மறுபடி போ. ஏனென்றால் வராத அந்தச் சிலரும் வந்தவர்களும் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள். வந்தவர்களை மட்டும் எண்ணினால் ஊரைப் பற்றிப் பொய்தான் சொல்லுவோம். இந்தப் பிடிவாதத்தை டியூடர் ஹார்ட் ஆய்வுக்கூடத்திலிருந்து வைத்திய அறைக்குக் கொண்டுவந்தார். அவருடைய வாழ்நாள் வேலை முழுவதையும் இந்த ஒரு வாக்கியத்தில் சுருக்கிவிடலாம் என்றே தோன்றுகிறது.

அதற்கு முன்னமேயே அந்தப் பள்ளத்தாக்குகளில் ஒரு தளம் இருந்தது. ட்ரெடீகர் என்ற சுரங்க ஊரில் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து வாரக் காசு பிடித்து மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினார்கள். மருத்துவருக்குச் சம்பளம் கொடுத்தது அந்தச் சங்கம். ஏ.ஜே. க்ரோனின் 1920களின் தொடக்கத்தில் அங்கே வேலை பார்த்த அனுபவத்தை வைத்துத்தான் 'தி சிட்டாடல்' நாவலை 1937இல் எழுதினார். விஜய் ஆனந்த் 1971இல் எடுத்த 'தேரே மேரே சப்னே' இந்திப் படம் அந்த நாவலின் வழிவந்தது. அதே ட்ரெடீகரில் பிறந்த சுரங்கத் தொழிலாளி அனைரின் பெவன் அமைச்சரானபோது, 1948 ஜூலை 5 அன்று பிரிட்டன் முழுக்க இலவச தேசிய மருத்துவ சேவை தொடங்கியது. க்ரோனினின் நாவலில் ஞாபகம் நிற்பது லட்சியவாத இளம் மருத்துவன். வாரக் காசு பிடித்த கணக்கர் யாருக்கும் ஞாபகத்தில் நிற்பதில்லை. வரலாற்றில் நிலைத்ததோ கணக்கர் செய்த வேலை.

3

தேசிய மருத்துவ சேவையில் ஒவ்வொருவரும் ஏதாவதொரு பொது மருத்துவரின் பட்டியலில் பெயர் கொடுத்திருக்க வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று மருத்துவருக்கு அரசு பணம் கொடுத்தது. பட்டியல் இருந்தது அதற்காகத்தான். கிளின்கோருக்கில் வேறு மருத்துவர் இல்லாததால் ஏறத்தாழ ஊர் முழுக்க ஒரே பட்டியலில் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சின்னக் காகித உறை. 1911ஆம் வருஷத்துக் காப்பீட்டுச் சட்டத்தின் மிச்சம் அது. லாயிட் ஜார்ஜ் பெயரால் அழைக்கப்படுவது. மடித்த சீட்டுகள் உள்ளே திணிக்கப்பட்டுக் கிடக்கும். எவரும் பிரித்துப் படிப்பதில்லை.

முதல் சில வருஷங்கள் டியூடர் ஹார்ட் செய்த பெரிய வேலை, இதை ஒழுங்குபடுத்தியதுதான். காய்ச்சல், இருமல், சுரங்கத்துக்கு விடுப்புச் சீட்டு என்று வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்து முடித்துவிட்டு, உறைகளைப் பிரித்து, வரிசைப்படுத்தி, படிக்கக்கூடிய கோப்புகளாக மாற்றுவது. இதில் புகைப்படம் எடுக்க என்ன இருக்கிறது? ஒரு மனிதர் மேசையில் குனிந்து காகிதம் அடுக்குகிறார். அவ்வளவுதான்.

1968இல் ரத்த அழுத்தக் கணக்கைத் தொடங்கினார். ரத்த அழுத்தம் ஒரு விசித்திரமான நோய். வலிக்காது. உடம்பில் இருப்பவனுக்கே தெரியாது. தெரிகிற அன்றைக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கும், இல்லையென்றால் நெஞ்சு அடைத்திருக்கும். ஆகவே 'நோயாளி வருவான், நான் பார்ப்பேன்' என்ற மருத்துவத்தின் அடிப்படை ஒப்பந்தம் இங்கே செல்லுபடியாவதில்லை. அந்தக் காலத்து ஆய்வாளர்கள் 'பாதிகளின் விதி' என்று ஒன்றைச் சொன்னார்கள். உயர் அழுத்தம் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பாதிப் பேருக்குச் சிகிச்சை இல்லை. சிகிச்சை பெறுகிறவர்களிலும் பாதிப் பேருக்கே அது கட்டுக்குள் இருக்கிறது. கடைசியில் மிஞ்சுவது எட்டில் ஒருவர். எங்கள் அப்பா முதல் பாதியிலேயே நின்றுபோனவர்.

டியூடர் ஹார்ட்டின் முறை எளிமையானது. 20 வயதிலிருந்து 64 வரை உள்ளவர்கள் எதற்காக வந்தாலும், கையில் கட்டிக் காயத்தோடு வந்தாலும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், அழுத்தம் பார்த்துக் கோப்பில் குறித்துவிட வேண்டும். ஒரு கட்டத்தில் பட்டியலைப் பார்த்தால் குறிப்பு இல்லாத பெயர்கள் மிஞ்சும். இனி அவர்களைத் தேடிப் போக வேண்டும். தன் பட்டியலில் உள்ள ஊர் முழுவதற்கும் இப்படி அழுத்தம் அளந்த முதல் மருத்துவர் அவர் என்று சொல்லுகிறார்கள். பிரிட்டனில் ஒரு பொது மருத்துவரின் சிகிச்சையகத்தை ஆய்வுக் களமாக ஏற்று மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பணம் கொடுத்ததும் கிளின்கோருக்குக்குத்தான் முதலில்.

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்க வைத்திருந்த பட்டியல், யாரை இன்னும் பார்க்கவில்லை என்று கேட்கிற பட்டியலாக மாறியது. காகிதமும் பெயர்களும் அதேதான். கேள்விதான் புதிது.

இந்த வேலையை அவர் தனியாகச் செய்யவில்லை. செவிலியர்கள் செய்தார்கள், வாசலில் சீட்டு எழுதுகிற பெண்கள் செய்தார்கள், மனைவி மேரி ஹார்ட் ஆய்வுப் பணியில் முழுப் பங்காளி. 1980களில் உப்பைக் குறைத்தால் அழுத்தம் குறையுமா என்று ஆராய்ந்தபோது ஊர்க்காரர்கள் உப்பைக் குறைத்துச் சாப்பிட்டு, தங்கள் சிறுநீரைச் சேகரித்துக் கொடுத்தார்கள். நோயாளிகள் மருத்துவத்தை நுகர்கிறவர்கள் இல்லை, ஆரோக்கியத்தை மருத்துவரோடு சேர்ந்து உற்பத்தி செய்கிறவர்கள் என்ற வாதத்தை அவர் பின்னாளில் தன் நூல்களில் விரித்தார். சுரங்கத்தில் தொழிலாளி நிலக்கரியை உற்பத்தி செய்கிற மாதிரி வைத்திய அறையிலும் ஓர் உற்பத்தி நடக்கிறது, அதில் இருவர் வேலை செய்கிறார்கள் என்கிற மார்க்சியப் பார்வை அது. இதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்குக் கொலராடோ சமையல்கட்டு ஞாபகம் வரும். அன்று ராத்திரி அந்த அறையில் செவிலியர் யார் யார் இருந்தார்கள்?

இருபத்தைந்து வருஷக் கணக்கு 1991இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வந்தது. இதே மாதிரியான ஏழ்மையும் இதே நிலக்கரிப் பிழைப்பும் உள்ள பக்கத்து ஊரோடு ஒப்பிட்டால், கிளின்கோருக்கில் அகால மரணங்கள் கால் பங்குக்கு மேல் குறைவு. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. எல்லா ஊரிலும் கிடைத்த அதே மாத்திரைகள்தான்.

அதற்கு நாலு வருஷம் முன்பு, 1987இல், இன்னொரு கட்டுரை. தன் சிகிச்சையகத்துப் பட்டியலில் இருந்தவர்களில் தொடர்ச்சியாக நிகழ்ந்த 500 மரணங்களை எடுத்து ஒவ்வொன்றையும் சக ஆய்வாளரோடு பரிசோதித்தார். இந்தச் சாவைத் தடுத்திருக்க முடியுமா? யார் எதைச் செய்யாததால் நடந்தது? ஏறத்தாழ பாதிச் சாவுகளில் தவிர்த்திருக்கக்கூடிய காரணம் ஏதோ இருந்தது. அதில் ஒரு பங்கைப் பொது மருத்துவரின், அதாவது தன்னுடைய, கணக்கிலேயே எழுதினார். இறந்தவர்களை மருத்துவர் நினைவில் சுமப்பது ஒன்று. ஐந்நூறு பேரையும் மறுபடி மேசைமேல் வைத்து 'இதில் என் தப்பு எது' என்று கேட்டு, பதிலை அச்சில் போடுவது இன்னொன்று. முதலாவது காவியமாகிறது. இரண்டாவதில்தான் அடுத்த ஆள் பிழைக்கிறான்.

4

டியூடர் ஹார்ட் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்தது இவற்றால்கூட இல்லை. 1971 பிப்ரவரி 27 'லான்செட்' இதழில் வந்த ஒரு கட்டுரையால். 'தலைகீழ்க் கவனிப்பு விதி' என்று தமிழில் சொல்லலாம். எங்கே தேவை அதிகமோ அங்கே நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கும். எங்கே தேவை குறைவோ அங்கே அதிகமாகக் கிடைக்கும். விதியின் இந்த முதல் பாதியை மட்டும் உலக வங்கி முதல் உள்ளூர்க் கருத்தரங்கு வரை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் பிற்பாதியைச் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள். மருத்துவம் எந்த அளவுக்குச் சந்தைக்குத் திறந்துவிடப்படுகிறதோ அந்த அளவுக்கு இந்த விதி முழுமையாக வேலை செய்யும். சந்தையின் பிடி தளர்கிற அளவுக்கு விதியின் பிடியும் தளரும் என்பது அந்தப் பிற்பாதி. அது இல்லாவிட்டால் இது வெறும் புலம்பல். அதோடு சேர்த்துப் படித்தால் இயற்கை விதி என்ற தோற்றம் கலைந்து, மனிதர்கள் ஏற்படுத்திய ஓர் ஏற்பாட்டின் பெயராகிவிடுகிறது. 'விதி' என்ற தமிழ்ச் சொல் இங்கே எவ்வளவு பொருத்தமாக விழுகிறது பாருங்கள். எங்கள் ஊரில் அப்பா விழுந்ததற்கும் விதி என்றுதான் சொன்னார்கள்.

இந்த விதி கிராமத்து மருத்துவரின் தனிமையையும் விளக்குகிறது. செரியானி ஏன் நூற்றுக்கணக்கான சதுர மைலுக்கு ஒற்றை ஆளாக இருந்தார்? எஸ்கெலுக்கு ஏன் தோள் மாற்ற ஆள் இல்லை? தனிமை அவர்களுடைய ஆன்மாவின் குணமாக எழுதப்படுகிறது. அது ஒரு விநியோகத்தின் விளைவு. யாரும் வர விரும்பாத இடத்தில் ஒருவர் நிற்கிறார், அவர் தேய்கிறார், தேய்வதை நாம் அழகு என்கிறோம். நான் பெர்ஜரைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் காட்டு மக்களின் பண்பாட்டு வறுமையைப் பற்றி அவர் கேட்ட கேள்விகள் இன்றைக்கும் சுடுகின்றன. ஆனால் சாசலின் நாயகத்தன்மையில் மயங்குகிற வாசகன், அப்படியொரு நாயகர் தேவைப்பட்டதே ஓர் அநீதி என்பதை மறந்துவிடுகிறான். நான் மறந்தேன்.

இந்த விதிக்கு நம் பக்கத்து முகம் ஒன்றும் உண்டு. 1960, 70களில் தென் வேல்ஸின் சுரங்கப் பள்ளத்தாக்குகளுக்கு உள்நாட்டு மருத்துவர்கள் வரத் தயங்கினார்கள். அந்த இடங்களை நிரப்பியவர்களில் பெரும்பங்கு இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து போன மருத்துவர்கள். நம் ஊர் அரசுக் கல்லூரிகளில் படித்தவர்கள் வேல்ஸின் கிராமத்து மருத்துவர்கள் ஆனார்கள். அங்கே அவர்கள் பெரிய ஆஸ்பத்திரிகளின் கௌரவப் பதவிகளிலிருந்து ஒதுக்கப்பட்டு, யாரும் போகாத கோடிக்குத் தள்ளப்பட்டவர்கள். இங்கே அவர்கள் விட்டுப்போன இடம் காலியாகக் கிடந்தது. பணக்கார நாட்டின் ஏழைப் பகுதி, ஏழை நாட்டின் மருத்துவரை இழுத்துக்கொள்கிறது. விதி கடல் தாண்டியும் வேலை செய்யும்.

5

நண்பர்கள் இந்நேரம் முகம் சுளித்திருப்பார்கள். ஊர் முழுக்க ஒரே பட்டியல். ஒவ்வொரு உடம்பும் அளக்கப்பட்டு எழுதப்படுகிறது. தப்பியவனைத் தேடி வீட்டுக்கே ஆள் வருகிறது. இதுதானே கண்காணிப்பு? 1990களின் சிறுபத்திரிகைகளைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி, ஃபூக்கோவை அவற்றின் வழியாகத் தெரிந்துகொண்டவன் நான். மருத்துவப் பார்வை என்பது அதிகாரத்தின் பார்வை, உடல்களை எண்ணுவது ஆள்வதன் ஓர் உத்தி என்று கல்லூரி மேடைகளில் நானும் பேசியிருக்கிறேன். அது பொய்யும் இல்லை.

எங்களுக்கு இதை ஃபூக்கோ வந்து சொல்ல வேண்டியதும் இல்லை. பட்டியல் என்றால் எங்கள் பக்கத்தில் ரேகைச் சட்டம். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் ஜனத்தின்மேல் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது. எங்கள் தாத்தா வாலிபத்தில் ராத்திரியானால் சாவடியில் போய்ப் படுத்தவர். பெயர் கூப்பிட்டால் 'இருக்கேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். ராத்திரி யார் வரவில்லை என்று அந்தப் பட்டியலும் கேட்டது. கிராமக் கணக்குப்பிள்ளையின் கதையும் அதுதான். நிலம் யார் பேரில் என்று அவர் எழுதியதே நிலம். 1980இல் அந்தப் பரம்பரைப் பதவியைத் தமிழ்நாட்டில் ஒழித்தார்கள். கணக்குப்பிள்ளை என்ற சொல்லில் இருக்கும் கசப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. பதிவேட்டு எழுத்தர் என்று பெர்ஜர் பாராட்டாகச் சொன்னது தமிழில் வந்தால் பாதி வசைச்சொல்.

ஆக, 'எண்ணுவது நல்லது' என்று என்னால் எழுத முடியாது. தாத்தாவின் பெயர் ஒரு பட்டியலில் இருந்தது; அதனால் சிறுமைப்பட்டார். அப்பாவின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, அதனால் விழுந்தார். இதில் இரண்டாவதையும் அதிகாரம் என்று சொல்ல நம் கோட்பாட்டு மொழியில் இன்னும் சொல் கிடைக்கவில்லை. கண்காணிக்கப்படுவதன் வன்முறையைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. கண்டுகொள்ளப்படாததன் வன்முறை சத்தமே இல்லாமல் நடக்கிறது. அதற்கு ஆவணமும் கிடையாது. ஆவணம் இல்லாததுதானே அந்த வன்முறை.

அப்படியானால் இரண்டு பட்டியலையும் எப்படிப் பிரித்தறிவது? கிளின்கோருக்கை வைத்து எனக்குத் தோன்றுவது மூன்று கேள்விகள். பட்டியலில் எழுதப்பட்டது எழுதப்பட்டவனுக்குத் திரும்பி வருகிறதா? தப்பியவனைத் தேடிப் போகிறவர் கையில் தண்டனை இருக்கிறதா, மாத்திரை இருக்கிறதா? எழுதுகிறவர் தன் தப்பையும் அதே ஏட்டில் எழுதுகிறாரா? சாவடிப் பட்டியல் மூன்றிலும் தோற்கும். டியூடர் ஹார்ட்டின் ஏடு மூன்றாவது கேள்விக்கு ஐந்நூறு சாவுகளோடு பதில் சொல்கிறது. இருபத்தாறு வருஷம் அதே ஊரில் குடியிருந்து, தான் எழுதியவர்களின் முகத்தில் தினமும் விழித்தவர் என்பதும் ஒரு பதில்தான்.

இதில் வெற்றிக்கதை ஏதும் இல்லை. கிளின்கோருக் சுரங்கம் 1970இல் மூடப்பட்டது. அழுத்தக் கணக்கு தொடங்கிய இரண்டே வருஷம். வேலை போன ஊரில் எந்த மாத்திரையும் வேலையைத் திருப்பித் தராது. அவர் கோப்புகளில் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் ஊரின் பிழைப்பும் இறங்கிக்கொண்டிருந்தது. மருத்துவத்தால் எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாது என்பதை அறிந்தே அவர் தேர்தலிலும் நின்றார். 1979க்குப் பிறகு தாட்சர் ஆட்சியிலிருந்து தேசிய மருத்துவ சேவைக்குள் சந்தை நுழைந்தது கண்டு, 2018இல் தன் 91ஆம் வயதில் இறக்கும்வரை அதை எதிர்த்து எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார். அவரோடு கிளின்கோருக்கில் வேலை பார்த்த கிரஹாம் வாட் பின்னாளில் ஸ்காட்லாந்தில் மிக ஏழ்மையான பகுதிகளின் நூறு சிகிச்சையகங்களை ஒன்றுசேர்க்கிற முயற்சியில் முன்நின்றார். ஒற்றை நாயகரின் வாரிசாக நூறு சிகிச்சையகங்கள். அதுதான் சரியான வாரிசு என்று படுகிறது.

6

நம் ஊரில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. பெயரிலேயே 'தேடி' இருக்கிறது. வீடு வீடாகப் போய் அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது, மருந்தைக் கையில் கொடுப்பது. ஐம்பது வருஷம் பிந்தி கிளின்கோருக் எங்கள் தெருவுக்கும் வந்து சேர்ந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். அவசரப்பட மாட்டேன். மேலே சொன்ன மூன்று கேள்விகளை இங்கேயும் கேட்டாக வேண்டும். எத்தனை பேரைப் பார்த்தோம் என்ற கணக்கு மேலே சென்னைக்குப் போகும். இந்த ஊரில் இன்னும் யாரைப் பார்க்கவில்லை என்ற கணக்கு ஊருக்குத் திரும்பி வருமா? அந்தப் பட்டையைக் கட்டுகிற பெண்களுக்குக் கிடைப்பது ஊக்கத்தொகையா, சம்பளமா? போன வருஷம் இந்த ஊரில் இறந்தவர்களில் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று யாராவது உட்கார்ந்து எழுதுவார்களா? இவற்றைக் கேட்க வேண்டியவர்கள் நாம். மருத்துவம் அதிகாரம் என்று பேசிவிட்டு எழுந்துபோவது ரொம்பச் சுலபம்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். 'ஏம்மா, பி.பி. பாத்தாங்களா' என்றேன்.

'நம்ம கீழத்தெருப் புள்ளதான் வருது. பட்டையக் கட்டி அமுக்கிப் பாத்துட்டு நோட்டுல எழுதிட்டுப் போகும். போன தடவ நான் களையெடுக்கப் போயிட்டேன். மறுநா பொழுது விடியங்குள்ள வந்து நிக்கிது. ஏன் அத்தே நேத்து காணோம்ங்குது' என்றாள். கொஞ்ச நேரம் கொட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'ஒங்கப்பாவ அப்பிடி ஒரு ஆளு கேட்டிருந்தா...' என்று நிறுத்தினாள்.

சாவடியில் தாத்தாவைக் கேட்டதும் ஏறத்தாழ இதே கேள்விதான். அதைக் கேட்கிறவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கீழத்தெருப் பிள்ளையின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நீலக் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. எங்கள் தெருவின் பெயர்கள் வரிசையாக. சில பெயர்களுக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது. யார் அவர்கள் என்று கேட்டேன். ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கியது.